பத்தாம் எண் வீரரை எடைபோடும் முறைகள்: சென்னையின் எஃப்.சி., பிரெஞ்சு அணி ரசிகர் விவாதங்கள் குறித்து ஓர் ஆய்வு

குழு விளையாட்டுகளில் பதினொருவரும் சேர்ந்தே ஓடினாலும், ஆட்டம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது வேகம் கூட வேண்டும், எப்போது தணிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒருவரிடமே வந்து சேர்கிறது. பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். தமிழர்கள் கால்பந்து என்று அறிந்திருக்கும் ஆட்டத்தில் அவருக்கு மிக நெருங்கியவர் பிளேமேக்கர், அதாவது எதிரணியின் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் இடையிலுள்ள சந்துகளில் நின்று, பந்தை வாங்கித் திரும்பி, முன்கள வீரர்களுக்கு வழி திறந்துவிடும் நடுக்கள வீரர். இந்த இடத்தில் ஆடுபவர்கள் மரபாக 10 என்ற எண்ணை அணிந்து வந்ததால், முதுகில் எந்த எண் இருந்தாலும் ரசிகர் பேச்சில் அவர் பத்தாம் எண் வீரர்தான். இத்தகைய வீரர்கள் ஓய்வுபெற்றபின் அவர்களில் யார் பெரியவர் என்று ஒவ்வோர் அணியின் ரசிகர்களும் ஓயாமல் வாதிடுகிறார்கள். அவ்வாதங்களில் கையாளப்படும் அளவுகோல்கள் எவை, அவற்றில் எது நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியை ஆராயப் புதுச்சேரிப் பகுதி பொருத்தமான இடம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களின் வழியாக, பிரெஞ்சு அணியின் மீதான பற்று இங்கே ஒரு குடும்ப உரிமையைப் போலத் தொடர்கிறது. மறுபுறம், புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் தொழிற்பேட்டையோடு வளர்ந்த சேதராப்பட்டு போன்ற ஊர்களுக்கு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் நேரு விளையாட்டரங்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணியே பக்கத்து அணி. ஒன்று வரலாற்றால் வந்த பற்று, மற்றொன்று அண்மையால் வந்தது. இரண்டிலும் பத்தாம் எண் வழக்கு முடியாமலே நீள்கிறது.

ரசிகர்கள் முதலில் எடுக்கும் அளவுகோல் கோப்பை. அமெரிக்காவில் இது ஏறக்குறைய ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. மயாமி டால்ஃபின்ஸ் அணியின் டான் மரினோ தம் காலத்தின் எறிதல் சாதனைகளைப் பெரும்பாலும் தம் பெயரில் வைத்திருந்தும், 1985 ஜனவரியில் ஆடிய ஒரே சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் தோற்றதால், இன்றும் அவர் பெயரைச் சொன்னவுடன் கோப்பை இல்லாதவர் என்ற வால் ஒட்டிக்கொள்கிறது. அதே கோப்பையை 2001 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸ் வென்றபோது அதன் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் டிரென்ட் டில்ஃபர். அந்த வெற்றி அணியின் தற்காப்பால் கிடைத்தது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், அவரை மரினோவுக்கு மேல் வைக்க எவரும் துணிவதில்லை. கோப்பை அளவுகோலின் பலவீனம் அதை ஏற்றுக்கொண்டவர்களின் வாயாலேயே இங்கு வெளிப்படுகிறது. தம் அணி தாக்கும்போது ஒவ்வொரு நகர்விலும் பந்தைத் தொடும் குவார்ட்டர்பேக்குக்கே இந்த நிலை என்றால், 90 நிமிடத்தில் பந்தோடு சில நிமிடங்களே இருக்கும் கால்பந்து நடுக்கள வீரரைக் கோப்பையால் அளப்பது இன்னும் எவ்வளவு தவறாகும் என்பது விளங்கும்.

சென்னையின் எஃப்.சி. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்குடன் (ஐ.எஸ்.எல்.) பிறந்த அணி. அதன் முதல் பத்தாம் எண் நாயகர் பிரேசிலின் எலானோ. மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடியவர், 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக 2 கோல் அடித்தவர். முதல் பருவத்திலேயே 8 கோல்களுடன் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார். லீக் சுற்றில் சென்னை முதலிடம் பிடித்தது. ஆனால் அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்று, சென்னையில் அந்த மூன்று கோல்களையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தில் வாங்கிய ஒரே கோலால் வெளியேறியது. மறு ஆண்டு, சென்னைப் பெருவெள்ளத்தால் தன் மைதானத்தையே இழந்து, சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்த அணி, 2015 டிசம்பர் 20 அன்று ஃபட்டோர்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் எஃப்.சி. கோவாவை 3-2 என்று வென்றது. 90ஆவது நிமிடம் வரை பின்தங்கியிருந்து, கோவா கோல்காப்பாளரின் கைதவறிய சுய கோலால் சமன்செய்து, கூடுதல் நிமிடத்தில் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலால் பெற்ற வெற்றி அது. 13 கோல்களுடன் தங்கக் காலணியும் அந்தக் கொலம்பியருக்கே போனது.

எலானோவின் ரசிகர்கள் இந்தக் கோப்பையை அவர் பெயரில் எழுதுகிறார்கள். அவர் கையில் தலைமைப் பட்டை இருந்தது உண்மை. ஃப்ரீ கிக்கில் அவர் கால்பட்ட பந்துக்கு அந்தத் தொடக்க ஆண்டுகளில் இணை இல்லை என்பதும் உண்மை. எனினும் ஆட்டத்தை வகுக்கும் பணியைத் தனியே பிரித்துப் பார்த்தால், நின்ற பந்தை அடிப்பதில் அவர் காட்டிய மேன்மை ஓடும் பந்தில் அதே அளவுக்கு இருக்கவில்லை. அந்த அணி மெண்டோசாவின் வேகத்தைக் கொண்டே எதிரணியைப் பிளந்தது. இறுதியாட்டத்தின் முதல் கோலை அடித்த இன்னொரு பிரேசிலியரான புருனோ பெலிசாரியை இவ்வாதங்களில் பெரும்பாலும் யாரும் நினைப்பதே இல்லை.

இரண்டாமவர் ரஃபேல் அகஸ்டோ. 2015 அணியிலும் இருந்து 2017-18 கோப்பையிலும் பங்குகொண்டவர் என்பதால் கோப்பை எண்ணுவோர் அவரையே முதலில் வைக்கிறார்கள். அவர்களுக்குச் சான்றாவது 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த இறுதியாட்டம். அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 9ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிய கோலால் பெங்களூரு முந்தியது. 17ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தற்காப்பு வீரர் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிச் சமன்செய்தார். இடைவேளைக்குச் சற்றுமுன் மற்றொரு கார்னரிலிருந்து அதே ஆல்வெஸ் மீண்டும் முட்டினார். 67ஆவது நிமிடத்தில் சக வீரர் ஜேஜே வழியாக வந்த பந்தைப் பெட்டியின் விளிம்பிலிருந்து தாழ்வாக அடித்து அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசி நிமிடங்களில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்ப, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அகஸ்டோவின் கோல் வெற்றிக்கோல், அழகான கோலும்கூட. ஆனால் அந்த ஆட்டத்தைத் திருப்பியவை இரண்டு கார்னர்களும் ஒரு தற்காப்பு வீரரின் நெற்றியும்தான். ஜான் கிரிகரி பயிற்றுவித்த அந்த அணி பொதுவாகவே இறுக்கமான தற்காப்பாலும் நின்ற பந்துகளாலும் வென்ற அணி.

அடுத்த பருவம் இவ்வாதத்துக்கு இன்னும் கடுமையான சோதனை. 2018-19இல் அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே வீரர்கள், காயங்களோடு போராடிய அதே அகஸ்டோ ஆகியோரோடு ஆடிய சென்னை, 18 லீக் ஆட்டங்களில் 2 வெற்றியுடன் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுப் பட்டியலின் அடியில் முடித்தது. கோப்பையின் புகழை ஒருவர் தலையில் சூட்டுவோர், கடைசி இடத்தின் பொறுப்பை மட்டும் காயத்தின் மீதும் பயிற்சியாளர் மீதும் இறக்கிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே முறை. அப்படி வைத்தால், கோப்பை ஓர் அணியின் பொதுச்சொத்து என்பதும், அதில் தனி ஒருவரின் பங்கை வேறு சான்றுகளால் நிறுவ வேண்டும் என்பதும் தெளிவாகும்.

மூன்றாமவர் ரஃபேல் கிரிவெல்லாரோ. இடக்கால் ஆட்டக்காரரான இவர் சென்னைக்கு எந்த ஐ.எஸ்.எல். கோப்பையையும் வென்று தரவில்லை. ஆயினும் 2019-20 பருவத்தில் இவர் ஆடியதைப் பார்த்தவர்கள், பத்தாம் எண் என்ற சொல்லின் முழுப் பொருளையும் அந்த அணியில் முதன்முறையாகக் கண்டதாகச் சொல்கிறார்கள். அது மிகை அன்று. அப்பருவத்தின் முதல் 6 ஆட்டங்களில் சென்னைக்கு ஒரே வெற்றி. முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கிரிகரி விலகி, டிசம்பரில் ஓவன் காயல் வந்தபின், அதே வீரர்கள் கோல்களைக் குவித்து, நான்காம் இடத்தில் அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். அதில் எஃப்.சி. கோவாவை இரு ஆட்டங்களின் கூட்டெண்ணிக்கையில் 6-5 என்று வென்று இறுதிவரை சென்றார்கள். லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி பெற்றார். இளம் சாங்டே 7 கோல் அடித்தார். கிரிவெல்லாரோ தாமே 7 கோல் அடித்து 8 கோல்களுக்கு உதவினார். அவர் பந்தை வாங்கும்போதே உடலைப் பாதி திருப்பி வைத்திருப்பார். தற்காப்பு வீரர் ஓரடி முன்வந்த நொடியில் பந்து அவருக்குப் பின்னால் வால்ஸ்கிஸின் ஓட்டப்பாதையில் விழுந்திருக்கும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. தடுமாறிய அந்த ஆறு ஆட்டங்களின்போதும் கிரிவெல்லாரோ அணியில்தான் இருந்தார். மாறியவர் பயிற்சியாளர் மட்டுமே. ஆகவே புகழ் காயலுக்கே உரியது என்பது அம்மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பத்தாம் எண் வீரர் எவருக்கும், தற்காப்புக் கடமையில் பாதியைத் தளர்த்தி, ஆட்டத்தின் நடுவே அவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கித்தரும் பயிற்சியாளர் தேவை. காயல் அந்த இடத்தை ஒதுக்கினார். அதை நிரப்பும் ஆள் இல்லாவிட்டால் ஒதுக்கியும் பயனில்லை என்பதை அடுத்த பருவம் காட்டியது. தலைவராகப் பொறுப்பேற்ற கிரிவெல்லாரோ காயத்தால் பாதியில் விலக நேர்ந்த 2020-21இல், வால்ஸ்கிஸும் காயலும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்ட நிலையில், சென்னை 20 ஆட்டங்களில் 11 டிராவும் 3 வெற்றியுமாகத் தடுமாறியது.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் இவர் கதை சான்று. 2020 மார்ச் 14 அன்று ஃபட்டோர்டாவில் ஏ.டி.கே.யிடம் சென்னை 3-1 என்று தோற்ற இறுதியாட்டம், பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் இன்றி வெற்றரங்கில் நடந்தது. அவர் தலைமை வகித்த அடுத்த பருவமும் முழுவதும் கோவாவில் மூடிய அரங்குகளில் நடந்தது. 2015ஐயும் 2018ஐயும் ரசிகர்கள் கூட்டமாகக் கொண்டாடினார்கள். கிரிவெல்லாரோவின் உச்சத்தை அவரவர் வீட்டில் தனித்தனியே தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கூடிக் கொண்டாடாத ஒன்றைக் கூட்டம் எளிதில் மறக்கிறது. 2023-24இல் அவர் மீண்டும் சென்னைக்கு வந்து ஆடியபோது கிடைத்த வரவேற்பில் இந்தக் கடனைத் தீர்க்கும் உணர்வும் இருந்தது எனலாம்.

பிரெஞ்சு அணியைப் பற்றிய விவாதம் இதைவிட மூத்தது. அதில் மூன்று பெயர்கள் நிலைத்திருக்கின்றன. 1958 உலகக் கோப்பையில் பிரான்சை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுசென்று அவ்வாண்டின் பாலோன் தோர் விருதைப் பெற்ற ரேமோன் கோப்பா, போலந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. மிஷேல் பிளாட்டினி இத்தாலிய வம்சாவளியினர். சினதின் சிதான் மார்செய் நகரின் அல்ஜீரியக் குடியேறிகளின் மகன். பிரான்சின் ஆட்டத்தை வகுத்தவர்கள் மூவரும் வெளியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்பது, பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் தமிழ்ப் பெயரும் கொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்கு வெறும் தகவல் அன்று. 2006 உலகக் கோப்பை அணியில் மொரீஷியஸ் வழி இந்திய வம்சாவளியினரான விகாஷ் தொரசூ இடம்பெற்று, மாற்று ஆட்டக்காரராக இருமுறை களமிறங்கியதும் இங்கே சேர்த்து நினைக்கத்தக்கது. அவரும் நடுக்கள வீரரே. ஆனால் அவர் ஆட வேண்டிய இடத்தில் சிதான் இருந்தார்.

பிளாட்டினியா சிதானா என்பதுதான் இன்றும் எரியும் கேள்வி. சிதானின் தரப்பு 1998ஐ முன்வைக்கிறது: ஜூலை 12 அன்று பிரேசிலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இரண்டு கோல், பிரான்சின் முதல் உலகக் கோப்பை, பிறகு 2000இல் ஐரோப்பியக் கோப்பை. ஆனால் அந்த இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டியவை. மெய்ல்சன் ஆல்வெஸ் பெங்களூரில் செய்த அதே வேலை அது. சிதானின் பெயரை உலகம் அறியச் செய்த அச்செயல் ஒரு பிளேமேக்கரின் செயலே அன்று. அதே தொடரில் சவூதி அரேபியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை பெற்று அவர் இரண்டு ஆட்டங்களில் இல்லாதபோதும் அணி வென்றது. அவருடைய உண்மையான பெருமைக்குச் சான்று 2006தான். ஓய்விலிருந்து திரும்பிவந்து, முப்பத்து நான்கு வயதில், காலிறுதியில் பிரேசிலைத் தம் நடைக்கு ஆடவைத்த அந்த ஆட்டத்துக்கு ஈடாக இத்துறையில் காட்டத்தக்கவை மிகச் சில.

பிளாட்டினியின் தரப்புக்கு 1984 ஐரோப்பியக் கோப்பை போதும். ஐந்து ஆட்டங்களில் 9 கோல், போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில் 119ஆவது நிமிட வெற்றிக்கோல், பிரான்சின் முதல் பெரிய கோப்பை. ஆனால் அவருக்கு உலகக் கோப்பை இல்லை. 1982இல் செவிய்யாவில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 3-1 என்று முந்தியிருந்தும் 3-3 ஆகி, பெனால்ட்டிகளில் தோற்றது பிரான்ஸ். 1986 அரையிறுதியிலும் அதே எதிரணியிடம் வீழ்ந்தது. அவரைச் சுற்றி ஜிரெஸ், திகானா, ஃபெர்னான்டஸ் என்று மூன்று தேர்ந்த நடுக்கள வீரர்கள் இருந்ததால் அவர் பணி எளிதாயிற்று என்போர் உண்டு. நால்வர் சேர்ந்த அந்த நடுக்களத்தின் ஒழுங்கே அவர் வகுத்ததுதான் என்போரும் உண்டு.

இங்கே இரண்டாம் அளவுகோல் நுழைகிறது: அவர் இல்லாதபோது அணி என்ன ஆயிற்று? 2002 உலகக் கோப்பையில் காயமுற்ற சிதான் முதல் இரண்டு ஆட்டங்களில் இல்லை. மூன்றாவதில் குணமாகாத காலோடு ஆடினார். நடப்புச் சாம்பியனான பிரான்ஸ் ஒரு கோல்கூட அடிக்காமல் வீடு திரும்பியது. 1987இல் பிளாட்டினி ஓய்வுபெற்றபின் 1990, 1994 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் பிரான்ஸ் தகுதியே பெறவில்லை. கேட்க வலுவாக இருந்தாலும், இந்த அளவுகோலையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும், ஏனெனில் பிளாட்டினியோடு அவர் தலைமுறையே விடைபெற்றது. ஒருவர் இன்மையையும் பலர் இன்மையையும் பிரித்தறிவது எளிதன்று.

மூன்றாம் அளவுகோல் புள்ளிவிவரம். பிளாட்டினி 72 ஆட்டங்களில் 41 கோல், சிதான் 108 ஆட்டங்களில் 31 கோல் என்ற கணக்கைக் காட்டி வழக்கை முடித்துவிட முயல்வோர் பலர். கோல் அடிப்பது பத்தாம் எண் வீரரின் பணியில் ஒரு பகுதி மட்டுமே. கோலுக்கு முந்தைய கடைசிப் பந்தளிப்பு உதவி எனப்படும், அது இன்று ஒழுங்காக எண்ணப்படுகிறது. அதற்கும் முந்தைய பந்தளிப்பு, அதாவது தற்காப்பு முழுவதையும் ஒருபக்கம் இழுத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்துவிடும் அந்தத் தொடக்கச் செயல், பெரும்பாலான பட்டியல்களில் ஏறுவதில்லை. கோப்பாவின் காலத்தில் உதவிகளையும் யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. எண்ணப்பட்டதை மட்டும் எடைபோட்டால், எண்ணும் வசதி வந்தபின் பிறந்தவர்களே பெரியவர்களாக இருப்பார்கள்.

பார்ப்பவரின் வயதும் தீர்ப்பில் கலக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயதில் யாரைப் பார்த்து ஒருவர் கால்பந்தைக் காதலித்தாரோ, அவரே அவருக்கு என்றும் முதல்வர். புதுச்சேரியில் பிளாட்டினியை வானொலிச் செய்தியாகவும் நாளிதழ்ப் படமாகவும் அறிந்த தலைமுறைக்கும், 1998ஐ நேரலையில் கண்ட தலைமுறைக்கும், கிரீஸ்மன் நடுக்களத்துக்கு இறங்கிவந்து ஆடிய 2022 உலகக் கோப்பையை அறிந்த தலைமுறைக்கும் இடையிலான வாதம், பாதியளவு மூன்று பருவ வயதுகளுக்கு இடையிலான வாதமே.

இரு அணிகளின் ரசிகர்களையும் ஒரே முடிச்சில் கட்டும் பெயர் ஒன்று உண்டு. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், சிதானின் பெனால்ட்டிக்குப் பதில் கோல் அடித்து, பிறகு அவரிடம் நெஞ்சில் முட்டு வாங்கி, அவர் கடைசி ஆட்டத்தைச் சிவப்பு அட்டையில் முடியச் செய்த இத்தாலியத் தற்காப்பு வீரர் மார்கோ மெத்தராஸி, 2014இல் சென்னையின் பயிற்சியாளராக வந்தார். முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தவரும் அவரே. சிதானுக்காக அவரை வெறுத்த புதுச்சேரி ரசிகர், எட்டே ஆண்டுகளில் அவர் அணிக்காகக் கைதட்ட வேண்டியிருந்தது. பற்று இடம்மாறும்போது தீர்ப்பும் இடம்மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சென்னை விவாதங்களில் இன்னொரு குறையும் உண்டு. பெயர்கள் எல்லாம் வெளிநாட்டவருடையவை. டேராடூனிலிருந்து இளைஞராக வந்து, சென்னையில் வளர்ந்து, அணித்தலைவராகி, 2023இல் மோகன் பகானுக்குச் சென்ற அனிருத் தாபா ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இந்த நடுக்களத்தைச் சுமந்தவர். அவர் பிரிவின் கசப்பு அவர் ஆட்டத்தின் மதிப்பீட்டில் கலந்துவிட்டது. வியாசர்பாடியில் பிறந்த தன்பால் கணேஷ், 2017-18 அணியில் எதிரணியின் பத்தாம் எண் வீரர்களை அடக்கும் பணியைச் செய்தவர். பிறர் ஆடுவதற்கு இடம் உண்டாக்கும் இத்தகையோரை இவ்வழக்கில் சாட்சியாகக்கூட யாரும் அழைப்பதில்லை. இன்னும் பின்னே போனால், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன்செய்த இந்திய அணியில் இடம்பெற்று, பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த தமிழர் சைமன் சுந்தரராஜ் நிற்கிறார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுவே. 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். செவிய்யா ஆட்டத்தை நிமிடம் நிமிடமாகச் சொல்லத் தெரிந்த நம் ரசிகரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இந்த அளவுகோல்களை எல்லாம் சேர்த்து நோக்கும்போது, ஒரு பத்தாம் எண் வீரரின் மதிப்பைச் சொல்லவல்லது, அவர் தம்மைச் சுற்றியிருந்தவர்களை எவ்வளவு உயர்த்தினார் என்பதே. வால்ஸ்கிஸும் சாங்டேயும் அடித்த கோல்களும், ஜிரெஸும் திகானாவும் ஆடிய ஆட்டமும் அதற்கான சான்றாவணங்கள். இவ்வளவையில் பிரான்சுக்கு 1984இன் பிளாட்டினி, சிதானைவிட ஓரடி முன்னே நிற்கிறார். சென்னைக்கு, ஓர் அணிக்கு நீண்டகாலம் உழைத்தவர் என்ற பெருமை அகஸ்டோவுக்கும், தொடக்க ஆண்டுகளில் அரங்கை நிரப்பிய பெருமை எலானோவுக்கும் உரியவை. ஆட்டத்தை வகுத்த பெருமை, கோப்பை ஏதும் வெல்லாத கிரிவெல்லாரோவுக்கே உரியது.

இத்தீர்ப்பை மறுப்பவர்கள் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். ஆனால் மறுப்பதற்கும் ஆவணம் வேண்டும். 2014க்குப் பிந்தைய ஆட்டங்களுக்கு ஒளிப்பதிவு இருக்கிறது. அதற்கு முன் சென்னை லீக்கிலும் புதுச்சேரி மைதானங்களிலும் ஆட்டத்தை வகுத்துத் தந்தவர்களின் பெயர்கள் முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அணிப் பட்டியல்கள், பழைய நாளிதழ் நறுக்குகள், ஒளிப்படங்கள், உடன் ஆடியவர்களின் வாய்மொழி ஆகியவற்றை ரசிகர் மன்றங்களும் உள்ளூர் சங்கங்களும் அந்த முதியவர்கள் இருக்கும்போதே திரட்டி வைக்க வேண்டும்.